லேடீஸ் பெட்டியில் ஜப்பான் பொம்மைகள்

டைப்பிஸ்ட் அக்காவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், சரியாக எழுதியிருக்கிறேனா என்று எங்கிருந்தாவது எட்டிப் பார்ப்பார். அப்படிப்பட்ட ஆள்.

அறுபதுகளின் தொடக்கம். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் காலைப் பாசஞ்சரில், லேடீஸ் பெட்டியில், எஞ்சினுக்கு முதுகு காட்டுகிற ஜன்னலோர இடம் அவருடையது. கரித்தூள் கண்ணில் விழாத இடம் அது ஒன்றுதான். நான் விழுப்புரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். அவர் அங்கே ஓர் அரசாங்க ஆபீசில் இங்கிலீஷ் டைப்பிஸ்ட். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்கிற துணிச்சல் அந்தப் பெட்டியில் யாருக்கும் வரவில்லை, எனக்கும்தான்.

எனக்கு லேசில் யாரையும் பார்த்து வாய் பிளக்கிற வழக்கம் கிடையாது. ஆளைப் பார்த்தால் முதலில் ரவிக்கையின் தையலைத்தான் பார்ப்பேன். பாதிப் பேர் அங்கேயே தேறமாட்டார்கள். டைப்பிஸ்ட் அக்காவின் ரவிக்கையும் சுமார்தான், தோள்பட்டை ஒரு பக்கம் இறங்கியிருக்கும். ஆனால் அந்த அம்மாளைப் பார்த்து நான் வாய் பிளந்ததுபோல வேறு யாரைப் பார்த்தும் பிளந்ததில்லை.

முதல் தடவை பிளந்தது என் மாமியாரால். ஒரு நாள் நான் அவசரமாக ஓடி வந்துவிட்டேன். பின்னாலேயே ஸ்டேஷன் வரைக்கும் வந்த மாமியார், வண்டி ஏறப்போன அக்காவிடம் எனக்கு ஒரு சேதி சொல்லி அனுப்பியிருக்கிறார். அக்கா வந்து உட்கார்ந்தார், முந்தானையைச் சரி செய்தார், வாயைத் திறந்தார். என் மாமியார் பேசினார். "அந்த மினுக்கி சாயந்திரம் ஜல்தியா வூட்டுக்கு வரட்டும். ஊரெல்லாம் சுத்திட்டு வந்தா இங்க எவ கேப்பை அரைக்கிறது?" பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அக்காவின் முகத்தில் ஓர் அசைவில்லை. கை மடியிலேயே இருந்தது. குரல் மட்டும் என் மாமியாருடையது, அந்த மூக்கடைப்பு சகிதம். நான் கோபத்தில், இதை இப்படியேவா சொல்ல வேண்டும், கொஞ்சம் பதமாகச் சொல்லக் கூடாதா என்று கேட்டேன். "அவங்க சொன்னது இதுதாங்க டீச்சர்" என்றார்.

ஆபீசிலும் அதே கதைதான். அவருடைய அதிகாரி ஒரு கிணற்றைப் பற்றி எழுதிக் கொடுத்த கடிதத்தில் 'நாற்பதடி உயரமுள்ள கிணறு' என்று இருந்ததாம். அக்கா அப்படியே தட்டிக் கொடுத்துவிட்டார். மேலிடம் சிரித்தது. அதிகாரி குதித்தார். படித்தவள்தானே, திருத்தக் கூடாதா என்று கேட்டார். அக்கா அவருடைய கையெழுத்துப் பிரதியை எடுத்து முன்னால் வைத்தார். நான் திருத்தினால் அது உங்கள் கடிதமாக இருக்காது, என் கடிதமாகிவிடும் என்றாராம். இதை எங்களிடம் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அதிகாரிக்காக நிஜமாகவே வருத்தப்பட்டார்.

புத்தகம் அவர் கைக்கு வந்தது பாண்டிச்சேரியில். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் சாமான்களை ஏலம் விட்டபோது, ஒரு பெட்டி டைப் ரிப்பனுக்கு அடியில் அது கிடந்திருக்கிறது. அட்டை இல்லை, முதல் நாலைந்து தாளும் இல்லை. ஜப்பான் தேசத்துப் பழைய பொம்மலாட்ட நாடகங்கள், யாரோ இங்கிலீஷில் ஆக்கியவை. எழுதியவர் யார், மொழிபெயர்த்தவர் யார் என்று தெரியாமல் போனது அக்காவுக்குப் பெரிய குறை. தெரிந்திருந்தால் தினமும் அந்த இரண்டு பேரையும் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன் என்பார்.

முன்னுரையில் மிச்சமிருந்த பக்கங்களை இரண்டு நாள் எங்களுக்குத் தமிழில் சொன்னார். அங்கே ஒரு பொம்மைக்கு மூன்று பேர். தலையும் வலது கையும் ஒருவர், இடது கை ஒருவர், கால் ஒருவர். அவர்கள் யாரும் பேசமாட்டார்கள். மேடையின் ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்து, எல்லாப் பொம்மைக்கும் தானே குரல் கொடுப்பார், குழந்தைக்கும் கிழவிக்கும் கொலைகாரனுக்கும். தொடங்குமுன் ஏட்டை இரண்டு கையாலும் தூக்கி நெற்றிக்கு நேரே பிடித்து வணங்குவார். எழுதியதில் ஓர் எழுத்தும் மாற்றமாட்டேன் என்று அதற்குப் பொருளாம். அக்காவுக்கு இது எவ்வளவு பிடித்திருந்தது என்பது சொல்லும்போதே தெரிந்தது. காதலர்கள் சேர்ந்து சாகிற நாடகங்களைப் பார்த்துவிட்டு அந்த ஊர் இளசுகள் நிஜமாகவே சாக ஆரம்பித்ததையும், அரசாங்கம் அந்த வகை நாடகத்துக்குத் தடை போட்டதையும் அவர் விடாமல் சொன்னார். நாங்கள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எப்போது கதை வரும் என்று காத்துக்கொண்டிருந்தோம்.

முதல் நாடகம் ஒரு கிழட்டுப் படகோட்டியைப் பற்றியது. கண் தெரியாதவர். தன் மகனைக் கொன்றவனையே, யாரென்று அறியாமல் ஆற்றைக் கடத்திவிடுகிறார். அக்கா புத்தகத்தை நெற்றிக்கு உயர்த்திவிட்டு மடியில் விரித்துவைத்தார். கண் இங்கிலீஷில் ஓடும், வாய் தமிழில் சொல்லும். நடுவில் தடுமாற்றம் என்பதே இல்லை. கிழவர் பேசினார். கொலைகாரன் பேசினான். கொலைகாரனின் குரலில், படகு நடு ஆற்றுக்குப் போகப்போக, பயம் ஊறுவதை நாங்கள் கேட்டோம். "உன் மூச்சு என் பையன் மூச்சு மாதிரி இருக்குதே" என்று கிழவர் சொன்னபோது நான் காலைத் தூக்கிப் பலகைமேல் வைத்துக்கொண்டேன். விழுப்புரம் வந்து வண்டி நின்று வெகுநேரம் ஆகியும் எங்களில் ஒருத்தரும் இறங்கவில்லை. போர்ட்டர் கதவைத் தட்டினார். என் சர்வீசில் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போனேன்.

பேரணியில் ஏறுகிற முனியம்மா அவித்த வேர்க்கடலைக் கூடையோடு, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, வருபவர், விழுப்புரம் ஜங்ஷனில் விற்பவர். அக்கா புத்தகத்தை உயர்த்தியதைப் பார்த்த நாளிலிருந்து அவருக்கு அது சாமி புத்தகம். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். எங்கள் பக்கத்தில் திரௌபதை அம்மன் கோயிலில் பாரதம் படிக்கும்போது சாவோடு ஏட்டை மூட விடமாட்டார்கள். அந்தப் பழக்கத்தில், முதல் நாடகத்தின் முடிவில் படகோட்டி செத்த அன்று முனியம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாவுல நிறுத்தாதம்மா. ரெண்டு வரி கல்யாணம் படிச்சிட்டு மூடு. ஜனங்க வேலைக்குப் போற நேரம்."

"புஸ்தகத்துல இல்லீங்களே. இல்லாதத நான் எப்டிங்க படிக்கிறது?"

மேலிடத்து உத்தரவு வாங்கி வந்தால்தான் இந்த அம்மா அசைவார் என்று நான் கேலி செய்தேன். கடைசியில் முனியம்மாவும் விக்கிரவாண்டியில் ஏறுகிற ஆயாக்கள் இரண்டு பேரும் தாங்களே ஒரு நலுங்குப் பாட்டைப் பாடி, அந்த ஜப்பான்காரக் கிழவருக்கு மங்களமாக முடித்துவைத்தார்கள். அன்றுமுதல் அதுவே வழக்கமாகிப்போனது. அக்கா சாகடிப்பார், அவர்கள் கல்யாணம் பாடுவார்கள். அக்கா அதைத் தடுக்கவும் இல்லை, கூடப் பாடவும் இல்லை.

நாலாவது நாடகத்தின்போதுதான், புத்தகத்தில் கடைசி அதுதான், சரோஜாவை நான் கவனித்தேன். கூட்டேரிப்பட்டுப் பெண், மயிலம் ஸ்டேஷனில் ஏறுவாள். விழுப்புரத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சர், இருபத்திரண்டு வயது. நிலபுலனுள்ள வீடு. அதுவரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தவள், இந்தக் கதை தொடங்கியதும் அக்காவின் எதிரிலேயே இடம் பிடிக்க ஆரம்பித்தாள்.

கதை இதுதான். சீப்புக் கடையில் வேலை பார்க்கிற ஒருவன், சாயக்காரர் மகள் ஒருத்தி. அவளை வேறு இடத்தில் கொடுக்க நாள் குறித்துவிட்டார்கள். இருவரும் சேர்ந்து சாவதென்று முடிவு செய்கிறார்கள். செத்தால் அடுத்த பிறவியில் ஒரே தாமரையின்மேல் பிறப்போம் என்று நம்புகிறார்கள். சரோஜா தினமும் கேள்வி கேட்டாள். அந்தத் தாமரை நிச்சயம்தானா என்று கேட்டாள். சாவதற்குமுன் அவர்கள் பயப்பட்டார்களா என்று கேட்டாள். அக்கா, புத்தகத்தில் இருந்தால் வரும், பொறுங்க என்பார்.

ஒரு நாள் சாயந்திரம் ஜங்ஷனில் சரோஜா என்னிடம் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாள். நான் கற்றுக்கொடுத்து அவள் பாதி போட்டிருந்த தலையணை உறை. இனி எனக்கு வேண்டியிருக்காது டீச்சர், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். தையல்காரிக்குப் பாதி வேலை என்றால் பதைக்கும். துருவித் துருவிக் கேட்டேன். ஊர்க் காலனியைச் சேர்ந்த பையன், தபாலாபீசில் வேலை. இவளுக்கு ஆவணியில் மாமன் மகனோடு கல்யாணம். "அவங்க ரெண்டு பேரும் போற மாதிரியே நாங்களும் போயிடலாம்னு இருக்கோம். கதை முடியட்டும்னு பாத்துக்கினு இருக்கேன்" என்றாள். அழவில்லை. திருவிழாவுக்குப் போகிற பெண்போல முகம் தெளிவாக இருந்தது. அதுதான் என்னைக் கலக்கியது.

அவள் வீட்டில் போய்ச் சொல்லலாம். சொன்னால் அந்தப் பையன் உயிரோடு இருக்கமாட்டான், அது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். நான் நேரே போய், பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்திருந்த டைப்பிஸ்ட் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கதையை மாற்றுங்கள் என்றேன். தாமரையை எடுத்துவிடுங்கள், அந்த இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டதாகச் சொல்லிவிடுங்கள், உங்களுக்கு என்ன குறைந்துபோகும் என்றேன். முன்னுரையில் நீங்கள் சொன்ன அதே பேஜாரு இங்கேயும் வந்துவிட்டதே என்றேன்.

அவர் தண்டவாளத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"அவங்க செத்துட்டாங்க டீச்சர். எழுதினவரு அழுதுக்கினேதான் எழுதியிருப்பாரு. நான் மாத்தினா அவரு வாயப் பொத்தற மாதிரி."

"அப்ப இந்தப் பொண்ணு?"

அவருடைய கைப்பையிலிருந்த புத்தகத்தை நானே வெடுக்கென்று எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். இங்கிலீஷ் எனக்கு அவ்வளவு வராது. நாலைந்து தாள், நெருக்கமான எழுத்து. இந்தக் காகிதத்துக்காக ஓர் உயிரா என்று கேட்டுவிட்டு, புத்தகத்தை அவர் மடியில் போட்டேன். வண்டி வந்தது. நான் வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அவ்வளவு கோபம் எனக்கு.

மறுநாள் காலை அக்கா வழக்கம்போல வந்தார். கண் இரண்டும் வீங்கியிருந்தன. மயிலத்தில் சரோஜா ஏறி எதிரில் உட்கார்ந்தாள். அக்கா புத்தகத்தை உயர்த்தினார். அன்றைக்கு அது நெற்றிக்கு நேரே வெகுநேரம் நின்றது. பிறகு தொடங்கினார்.

காதலர் இருவரும் வீட்டை விட்டுக் கிளம்பினார்கள். விடியலுக்குமுன் தெருவில் நடந்தார்கள். அவளுடைய அக்காள் வீட்டைத் தாண்டும்போது உள்ளே குழந்தை இருமுகிற சத்தம் கேட்டது. அவள் நின்றுவிட்டாள். டைப்பிஸ்ட் அக்கா இருமினார். இரண்டு வயதுக் குழந்தையின் கோழை கட்டிய இருமல் அது, சத்தியமாகச் சொல்கிறேன். பெட்டியின் அந்தக் கோடியிலிருந்த ஒருத்தி, யார் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று எழுந்தே நின்றுவிட்டாள். உள்ளே தாய் தூக்கக் கலக்கத்தோடு 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல' என்று தட்டிக்கொடுத்தாள். வெளியே தங்கை, தான் தூக்கி வளர்த்த குழந்தைக்குத் தன் மனத்துக்குள்ளேயே ஒரு தடவை முத்தம் கொடுத்தாள். சரோஜா முதன்முறையாக அழுதாள்.

அக்கா பக்கத்தைத் திருப்பினார். நிறுத்தினார்.

"இதுக்கு மேல பக்கம் இல்லீங்க" என்றார்.

புத்தகத்தை எல்லோரும் பார்க்கும்படி விரித்துக் காட்டினார். கட்டுக்குள்ளே கிழிந்த தாள்களின் அடிப்பகுதி மட்டும் நின்றது. பெட்டியே குமுறியது. நான் பார்த்தேன். துணியிலும் காகிதத்திலும் ஓரம் பார்த்தே பழகிய கண் எனக்கு. மற்றப் பக்கங்களின் விளிம்பெல்லாம் பழுப்பேறிக் கிடக்க, அந்தக் கிழிசல் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது. நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

முடிவு இல்லாத கதையை எங்கள் பெட்டி சும்மா விடுமா? முண்டியம்பாக்கம் தாண்டுவதற்குள் ஆளுக்கொரு முடிவு கட்டத் தொடங்கினார்கள். ஒரு வாரம் அதே பேச்சு. முனியம்மாவுக்குச் சாகிற யோசனையே கட்டோடு பிடிக்கவில்லை. "சீப்பு விக்கிறவனுக்கு எந்த ஊருலயும் பொழப்பு உண்டு. தலையில்லாத ஊரா இருக்குது? கூட்டிக்கினு போயி கௌரவமா வெச்சிக்கிறத வுட்டுட்டு இன்னாத்துக்கு சாவறது?" என்றார். கெடார்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த நர்சம்மா, அந்தத் தேசத்தில் ரெஜிஸ்டர் கல்யாணம் கிடையாதா, இங்கே சட்டமே வந்துவிட்டதே என்றார். அந்தப் பெண்ணுக்கு வயது வந்துவிட்டதா, பையனுக்கு நிலையான வேலையா, தகப்பன் வந்து கலாட்டா செய்தால் யார் பார்த்துக்கொள்வது என்று, ஏதோ அடுத்த தெருவில் நடக்கிற விஷயமாகவே விவாதித்தார்கள்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, சரோஜா தலையைக் குனிந்தபடி கேட்டாள்.

"அப்டி ரெஜிஸ்டர் பண்ணிட்டா, அப்பறம் யாரும் பிரிக்க முடியாதாக்கா?"

கேட்டது சாயக்காரர் மகள் அல்ல என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. முனியம்மா மல்லாட்டை உரிப்பதை நிறுத்தினார். டைப்பிஸ்ட் அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே சொன்னார்.

"மூணு சாட்சி வேணும். முப்பது நாள் முன்னாடி நோட்டீஸ் தரணும். நான் டைப் பண்ணித் தர்றேன்."

நோட்டீசைப் பலகையில் ஒட்டுவார்களே, ஊர்க்காரர்கள் யாராவது பார்த்துவிட்டால் என்று சரோஜா பயந்தாள். இந்த நாட்டில் ஆபீஸ் நோட்டீஸ் போர்டை நின்று படித்தவர் யாரும் கிடையாது, என் இருபது வருஷ அனுபவம் அது என்றார் அக்கா. அவர் சொன்னபடியே ஆயிற்று. ஆனாலும் அந்த முப்பது நாளும் நாற்பது பெண்கள் வாயைக் கட்டிக்கொண்டு பயணம் செய்தோம். எங்கள் பெட்டியை அறிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

சாட்சிக் கையெழுத்து அக்காவும் நானும் போட்டோம். முனியம்மா கைநாட்டு வைத்தார். மை துடைக்கத் துணி தேடியவர், வேண்டாம், இன்றைக்குப் பூரா இருக்கட்டும் என்று அந்த விரலை உயர்த்திப் பிடித்துக்கொண்டே ஜங்ஷனுக்குப் போனார். தபால்காரப் பையனுக்கு வடக்கே மாற்றல் கிடைத்திருந்தது. இருவரையும் பஸ் ஏற்றி அனுப்பினோம். பாதி போட்ட தலையணை உறையை நான் முழுசாக முடித்து சரோஜாவிடம் கொடுத்தேன்.

அரை நாள் லீவு போட்டிருந்ததால் மத்தியான வண்டியில் திரும்பினோம். பெட்டியில் நாங்கள் இருவர் மட்டுமே. நான் சந்தோஷத்தில் பேசிக்கொண்டே வந்தேன். அக்காவின் முகத்தில் சந்தோஷம் இருந்தது, ஆனால் வேறு ஏதோ ஒன்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. அந்தத் தாள்களை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"அடுப்புல போட்டுட்டேன். கையில இருந்தா படிச்சிடுவேன்னு பயம்." கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "இருபது வருஷத்துல ஒரு கமா மாத்தினதில்ல டீச்சர். இந்தப் பொண்ணு பொழைச்சது நல்லதுதான். ஆனா அவங்க ரெண்டு பேரும் நெசமாவே செத்துட்டாங்க. அவங்க பட்டது யாருக்கும் தெரியாமப் போவக் கூடாது. ஒரு ஆளாவது கேக்கணும். நீங்க கேக்கறீங்களா?"

கேட்கிறேன் என்றேன்.

அவர் கைப்பையைக் கீழே வைத்தார். நேராக உட்கார்ந்தார். வெறும் கைகள் இரண்டையும் சேர்த்து நெற்றிக்கு நேரே உயர்த்தினார், புத்தகம் அதிலே இருப்பதுபோல. பிறகு சொல்லத் தொடங்கினார். அந்த நாலைந்து தாளும் அவர் மனத்துக்குள் அடி பிசகாமல் இருந்தன. முசுக்கொட்டை மரங்களுக்கு நடுவே அந்த இருவரும் நின்றார்கள். அவன் குரல் அவளிடம் மன்னிப்புக் கேட்டது. அவள் குரல் அவனைத் தேற்றியது. இருவருக்கும் பயமாக இருந்தது. அம்மா என்று அவள் ஒரு தடவை கூப்பிட்டாள், அந்தக் கூப்பாட்டுக்கு யாரும் வரவில்லை. தாமரையைப் பற்றி அவர்கள் சொல்லிக்கொண்டது நிச்சயத்தில் அல்ல, பயத்தில் என்பது அந்தக் குரல்களைக் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. அக்காவின் கை மடியில் கிடந்தது. முகத்தில் அசைவில்லை. கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழிந்து ரவிக்கையில் சொட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட அவர் கையை எடுக்கவில்லை. முதலில் அவள் குரல் நின்றது. அப்புறம் அவன் குரல் நின்றது. நான் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன். நலுங்கு பாட அந்தப் பெட்டியில் யாரும் இல்லை.

மயிலம் தாண்டிய பிறகுதான் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பினார்.

"ஒரு வரிகூட விடல டீச்சர்" என்றார்.